அஸ்தம்பட்டியில் ஒரு குடும்பச் சமரச அலுவலகம்: வெளிமாநிலம் சென்ற தந்தைக்கான சந்திப்பு ஒப்பந்தம் பற்றிய மதிப்புரை

விவாகரத்து பெற்ற பெற்றோரில் ஒருவர் வேலையின் பொருட்டுத் தொலைதூரம் சென்றுவிடும்போது, குழந்தையைச் சந்திப்பதற்காக அதுவரை இருந்த ஏற்பாட்டைத் திருத்தி எழுதித் தரும் சேவை ஒன்றைச் சேலம் அஸ்தம்பட்டியில், நீதிமன்ற வளாகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு பெண் வழக்கறிஞரும் ஒரு குழந்தை மனநல ஆலோசகரும் சேர்ந்து நடத்தி வருகிறார்கள். நானும் என் முன்னாள் கணவரும் அவர்களிடம் போனோம். அவர்கள் எழுதித் தந்த ஒப்பந்தத்தின்படி ஒரு முழுப் பள்ளி ஆண்டு நடந்து முடிந்துவிட்டதால், அதன் நிறைகுறைகளை இப்போது எழுத முடிகிறது. குறைகளையும் சொல்லப்போவதால் அலுவலகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே வேலைக்கு வேறு ஒருவரிடம் போகிறவர்களுக்கும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

எங்கள் மகள் என்னுடன் அழகாபுரத்தில் இருக்கிறாள். பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து பெற்றபோது, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை முதல் மாலை வரை அவளைத் தந்தை அழைத்துச் செல்லலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தோம். அவர் சேலத்திலேயே சூரமங்கலத்தில் குடியிருந்த வரை அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது. புனேயில் வேலை கிடைத்து அவர் கிளம்பியதும் அந்த வரிக்குப் பொருளில்லாமல் போய்விட்டது. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. ஆனால், ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் என்ன என்ற கேள்விக்கு இருவரிடமும் விடை இல்லை.

குடும்ப நல நீதிமன்றத்தோடு இணைந்த சமரச ஏற்பாடு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது; எனவே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகும் வழியும் இருந்தது. பணம் பொருட்டாக இருப்பவர்கள் முதலில் அங்கேதான் போக வேண்டும். நாங்கள் தனியார் அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், புனேயிலிருந்து அவர் காணொளி வழியாக ஞாயிற்றுக்கிழமை மாலையில் கலந்துகொள்ள இவர்கள் அனுமதித்தார்கள் என்பதுதான். ஓர் அமர்வுக்கு ரூ.2,000 கட்டணம், இருவரும் சரிபாதியாகக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. ஒருவரே முழுப்பணத்தையும் கொடுக்க முன்வந்தாலும் வாங்குவதில்லை. முதலில் இது எனக்கு வீம்பாகப் பட்டது. பணம் கொடுத்தவர் பக்கம் பேசுகிறார்கள் என்ற சந்தேகம் எழாமல் இருப்பதற்காகத்தான் என்று பின்னால் புரிந்தது.

முதல் அமர்வு சட்ட நிலையை விளக்குவதற்கானது. இதை அவர்கள் நன்றாகவே செய்தார்கள். இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, குழந்தையின் பராமரிப்பு குறித்த உத்தரவைத் தீர்ப்பு வந்த பிறகும் அதே நீதிமன்றத்தில் மனுச் செய்து மாற்றிக்கொள்ளலாம் என்பதையும், குழந்தை தொடர்பான எந்த ஏற்பாடும் கல்லில் செதுக்கியதல்ல என்று 1973-இலேயே ரோசி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது என்பதையும் சொன்னார்கள். இனி புனேயில் உள்ள நீதிமன்றத்துக்கு வழக்கு போய்விடுமா என்பது என் பயமாக இருந்தது. வழக்கறிஞர்கள் ‘கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஆக்ட்’ என்று குறிப்பிடும், குழந்தைகளின் பாதுகாவலர் பற்றிய 1890-ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்துக்கே அதிகாரம் தருகிறது. தந்தை ஊர் மாறியதால் மட்டும் வழக்கின் ஊர் மாறுவதில்லை என்று விளக்கிய பிறகே எனக்கு நிம்மதியாக உட்கார முடிந்தது.

இரண்டாம் அமர்வுக்குப் பள்ளி நாட்காட்டியை எடுத்துவரச் சொன்னார்கள். இந்த அலுவலகத்தின் உண்மையான திறமை அங்கேதான் வெளிப்பட்டது. ‘மாதம் இருமுறை’, ‘விடுமுறைகளில் பாதி’, ‘நியாயமான அளவில்’ போன்ற சொற்களை அந்த வழக்கறிஞர் அடித்துவிடுகிறார். காலாண்டுத் தேர்வு விடுமுறை, அரையாண்டு விடுமுறை, பொங்கல், கோடை என்று ஒவ்வொன்றையும் தேதியும் நேரமும் இட்டு எழுத வைக்கிறார். அரையாண்டு விடுமுறையில் எந்த நாள் காலை எத்தனை மணிக்குக் குழந்தை போகிறாள், எந்த நாள் மாலை எத்தனை மணிக்குத் திரும்புகிறாள், பள்ளி திறப்பதற்கு முன் எத்தனை இரவுகள் தன் வீட்டில் தூங்கியிருக்க வேண்டும் என்பது வரை எழுதப்பட்டது. கடைசியாகச் சொன்னதை நான் நினைத்தே பார்க்கவில்லை. நீண்ட ரயில் பயணத்திலிருந்து இறங்கிய மறுநாளே பள்ளிக்குப் போகும் குழந்தை அந்த வாரம் முழுவதும் எரிச்சலோடுதான் இருப்பாள் என்று ஆலோசகர் சொன்னது அனுபவத்திலிருந்து வந்த பேச்சு.

தேதி எழுதுவதில் இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. 2024 நவம்பர் 1 முதல் ரயிலில் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டுவிட்டது. மும்பை லோகமான்ய திலக் முனையத்திலிருந்து புனே, சோலாப்பூர், பெங்களூரு, ஓசூர், தர்மபுரி வழியாகச் சேலம் ஜங்ஷனைத் தொட்டுக் கோவைக்குப் போகும் விரைவு ரயிலில் புனேயிலிருந்து வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. விடுமுறைக் கால இடங்கள் முன்பதிவு திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சந்திப்புக்கும் 70 நாட்களுக்கு முன்பே தேதியை உறுதி செய்துவிட வேண்டும் என்றும், அதற்குப் பிறகு மாற்றம் கேட்பவர் ரத்துக் கட்டணத்தை ஏற்க வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. மகள் ரயிலில் போகும் பயணங்களுக்குத் தனிப்படுக்கை எடுப்பதா வேண்டாமா என்பதைக்கூட எழுதினார்கள். ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு வயது ஆகாத குழந்தைக்குப் படுக்கை கேட்டால் முழுக்கட்டணம், கேட்காவிட்டால் பாதி என்பதால், பாதிக் கட்டணத்தில் போய்வரட்டும் என்று ஒருவர் சிக்கனம் பார்க்க, மற்றவர் மனம் புழுங்குவதற்கு இடமுண்டு. தனிப்படுக்கைதான் என்று எழுதப்பட்டது. பெங்களூரு வரை விமானத்தில் வந்து அங்கிருந்து பேருந்தில் வருவது தந்தையின் விருப்பம். எந்த வழியில் வருவது என்பதை ஒப்பந்தம் அவரிடமே விட்டுவிட்டது. அதுவும் சரிதான். எல்லாவற்றையும் எழுதினால் அது ஒப்பந்தமாக இருக்காது, காவலாக இருக்கும்.

இவ்வளவும் நல்ல வழக்கறிஞர் எவரும் செய்யக்கூடியது என்று சிலர் சொல்லலாம். தவறிப்போன சந்திப்புக்காக எழுதப்பட்ட பகுதியை அப்படிச் சொல்ல முடியாது. தொலைதூரச் சந்திப்பு ஒப்பந்தத்தின் தரத்தை, அது ஒழுங்காக நடக்கும் நாட்களை வைத்து அளக்கக் கூடாது, நடக்காமல் போகும் நாட்களுக்கு அது என்ன சொல்கிறது என்பதை வைத்தே அளக்க வேண்டும் என்பது ஓராண்டுக்குப் பிறகு என் முடிவு. ஒரே ஊரில் இருப்பவர் இந்த ஞாயிறு வர முடியாவிட்டால் அடுத்த ஞாயிறு வந்துவிடுவார். புனேயில் இருப்பவருக்கு அடுத்த வாய்ப்பு மூன்று மாதங்களுக்குப் பிறகுதான். அந்த மூன்று மாதத்தில் இரு வீடுகளிலும் பேசப்படும் பேச்சில் ஒரு சின்னத் தவறு பெரிய குற்றமாகிவிடும்.

எங்கள் ஒப்பந்தம் காரணங்களை மூன்றாகப் பிரிக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல், தேர்வுத் தேதி மாற்றம் போன்ற குழந்தை சார்ந்த காரணமாக இருந்தால், மருத்துவச் சீட்டையோ பள்ளிச் சுற்றறிக்கையையோ அனுப்பிவிட வேண்டும். இழந்த நாட்கள் அடுத்த விடுமுறையில் கேள்வியின்றிச் சேர்க்கப்படும். வருகிறவரின் வேலை சார்ந்த காரணமாக இருந்தால், ஏழு நாட்களுக்கு முன் சொன்னால் அதே பருவத்தில் ஒரு சனி, ஞாயிறு மாற்றாகக் கிடைக்கும். சொல்லாமல் வராமல் இருந்தால் மாற்று நாள் கிடையாது. இவற்றின் கீழே ஆலோசகர் சேர்த்த ஒரு வரி இருக்கிறது: வர முடியாததை, வர முடியாதவரே குழந்தையிடம் நேரடியாகப் பேசிச் சொல்ல வேண்டும், மற்றவர் வழியாகச் சொல்லி அனுப்பக் கூடாது.

ஆயுத பூஜை விடுமுறையை ஒட்டி அவர் வருவதாக இருந்து, அலுவலகத்தில் விடுப்பு ரத்தானபோது, இந்த வரியின் மதிப்பு தெரிந்தது. அவரே அழைத்துச் சொன்னார். மகள் அழுதாள், அவரிடமே கோபித்துக்கொண்டாள், இரண்டு நாள் அவருடைய அழைப்பை எடுக்கவில்லை, பிறகு சரியாகிவிட்டாள். அந்தச் செய்தி என் வாய் வழியாகப் போயிருந்தால் அந்தக் கோபம் என் மேல் திரும்பியிருக்கும், அல்லது அதைத் தணிக்க நான் அவரைப் பற்றி ஏதாவது சொல்லி வைத்திருப்பேன். இந்த ஒரு வரிக்காகவே அவர்களுக்குக் கொடுத்த கட்டணம் தகும் என்று கருதுகிறேன்.

ஜீவனாம்சத்தையும் சந்திப்பையும் ஒன்றோடொன்று முடிச்சுப்போடக் கூடாது என்று தனியாக ஒரு பத்தி எழுதினார்கள். பணம் வரவில்லை என்று குழந்தையைக் காட்டாமல் இருப்பதும், குழந்தையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் நம் ஊரில் வழக்கமாகிவிட்ட பழிவாங்கல்கள். இரண்டும் தனித்தனி உரிமைகள். இரண்டுக்கும் தனித்தனியாக நீதிமன்றத்தை அணுகலாம்.

குழந்தையை ஒப்படைக்கும் இடத்தைப் பற்றி அவர்கள் சொன்ன யோசனையும் நன்றாக இருந்தது. என் வீட்டு வாசலும் வேண்டாம், அவருடைய தாயார் வீட்டு வாசலும் வேண்டாம் என்று சொல்லி, சனிக்கிழமை காலைப் பாட்டு வகுப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் கொண்டுபோய் விடுகிறேன். வகுப்பு முடிந்ததும் அவர் அழைத்துப் போகிறார். நானும் அவரும் எதிரெதிரே நிற்க வேண்டியதில்லை, குழந்தையும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுவதாக உணர்வதில்லை.

சேலத்துக்கு வரும்போது அவர் எங்கே தங்குவார் என்பதிலும் பேச்சு நீண்டது. குகை என்ற பகுதியில் உள்ள அவருடைய தாயார், அதாவது மகளின் அப்பாயி வீட்டில் உறவினர் கூட்டம் எப்போதும் இருக்கும். தந்தையும் மகளும் தனியாக இருக்க வாய்ப்பே இருக்காது. ஆகவே வார இறுதிச் சந்திப்புகளில் ஓர் இரவு ஏற்காட்டில் தங்கலாம் என்று முடிவானது. ஏரியில் படகு, மான் பூங்கா, பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் வரை ஒரு நடை என்று ஒன்பது வயதுக் குழந்தைக்கு அங்கே வேலை இருக்கிறது. சேலத்து வெயிலும் இல்லை. என் மகளுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஒத்துக்கொள்வதில்லை என்பதால் காலையில் வெறும் வயிற்றோடு ஏற்றக் கூடாது, நிறையத் தின்ற பிறகும் ஏற்றக் கூடாது என்பதை நான் தனியாக எழுதிக் கொடுத்தேன். கோடைச் சந்திப்பை மே மாதத்தில் கோடை விழா நடக்கும் நாட்களில் வைக்க வேண்டாம் என்று ஆலோசகர் எச்சரித்தார். அதை மீறி மகளின் தந்தை அந்த வாரத்திலேயே அறை எடுத்தார். அடிவாரத்திலிருந்தே வாகனங்கள் ஊர்ந்ததில் பாதி நாள் காரிலேயே போய்விட்டதாகவும், திரும்பும்போது மாற்றுப் பாதையான குப்பனூர் சாலை வழியாக இறங்கியதாகவும் மகள் வந்து சொன்னாள். அறை வாடகையும் அந்த நாட்களில் கூடுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அப்பாயிக்காகத் தனிப்பத்தி ஒன்றை எழுதியதற்கு இந்த அலுவலகத்தைப் பாராட்ட வேண்டும். மகன் ஊரில் இல்லை என்பதால் பேத்தியைப் பார்க்கும் வழி அடைபட்டுவிடக் கூடாது அல்லவா? மாதத்தில் ஒரு ஞாயிறு, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் பொங்கல் வைக்கும் நாள் ஆகியவை அவருக்கு உரியவை. தீபாவளி மட்டும் ஓராண்டு இங்கே, ஓராண்டு அங்கே.

இனிக் குறைகள். முதலாவது, தினசரி அழைப்பு. 2020 ஜனவரியில் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், பெற்றோர் வெவ்வேறு மாநிலங்களிலோ நாடுகளிலோ இருக்கும்போது நேரில் சந்திப்பதோடு தொடர்பில் இருக்கும் உரிமையும் முக்கியம் என்றும், காணொளி அழைப்பே அதற்குச் சிறந்த வழி என்றும், சிறப்புக் காரணம் இல்லாவிட்டால் நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் குழந்தையோடு பேசும் உரிமை உண்டு என்றும் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞர் இதை எடுத்துக்காட்டி, தினமும் இரவு எட்டு மணிக்குக் காணொளி அழைப்பு என்று எழுதிவிட்டார். உரிமை சரி, அதைச் செயல்படுத்தும் விதத்தைப் பற்றி எவரும் யோசிக்கவில்லை. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு, திரைக்கு முன் உட்கார்ந்து ‘சாப்பிட்டாயா, பள்ளியில் என்ன நடந்தது’ என்ற கேள்விக்குத் தினமும் புதிதாகச் சொல்ல எதுவும் இருப்பதில்லை. சில வாரங்களிலேயே அது இருவருக்கும் கடமையாகிவிட்டது. அவள் ‘ம்’ கொட்டுவதை அவர் என் தூண்டுதல் என்று சந்தேகிக்கத் தொடங்கினார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: கணக்கு வீட்டுப்பாடத்தை அந்த நேரத்தில் அவரோடு சேர்ந்து செய்வது. செய்வதற்கு ஒரு வேலை இருந்ததும் பேச்சு தானாக வந்தது, பத்து நிமிடம் பல நாள் அரைமணி நேரமானது. குழந்தை மனநல ஆலோசகர் ஒருவரையே அருகில் வைத்துக்கொண்டிருக்கும் அலுவலகம் இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. கருத்துச் சொல்லும் அளவுக்கு விவரமறிந்த குழந்தையாக இருந்தால் அதன் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று மேலே சொன்ன 1890-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது. இந்த அலுவலகம் என் மகளை ஒரே ஒரு முறை, அதுவும் பெரியவர்களின் அமர்வுக்கு நடுவே, நான் பக்கத்து அறையில் இருக்கும்போதே பேசவைத்தது. எல்லாக் கேள்விக்கும் அவள் ‘சரி’ என்றே சொல்லியிருக்கிறாள். அந்தச் ‘சரி’யை வைத்துக்கொண்டு, கோடையில் மூன்று வாரம் தொடர்ந்து புனேயில் இருக்க அவளுக்குச் சம்மதம் என்று எழுதினார்கள். போன இரண்டாவது வாரத்திலேயே அவள் வீட்டு நினைப்பில் சாப்பிடாமல் இருந்தாள். அவரே கொண்டுவந்து விட்டுப்போனார். முதல் கோடையில் பத்து நாள் என்று தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதுதான் முறை. குழந்தையைத் தனியாக, வேறொரு நாளில், விளையாட விட்டுப் பேசுங்கள் என்று வற்புறுத்திக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, ஆவணம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் மட்டுமே தரப்பட்டது. தமிழ்ப் பிரதிக்குத் தனிக்கட்டணம், அதுவும் கேட்டுக் கேட்டுத் தாமதமாகத்தான் வந்தது. அதைப் படித்துப் பின்பற்ற வேண்டியவர்களில் அப்பாயியும் ஒருவர்; அவருக்குத் தமிழ்தான் தெரியும். சேலத்தில் உட்கார்ந்து சேலத்துக் குடும்பங்களுக்கு எழுதித் தரும் அலுவலகம் தமிழில்தான் முதல் பிரதியைத் தர வேண்டும்.

அதோடு, கையெழுத்தான ஒப்பந்தம் நீதிமன்ற உத்தரவாகிவிடாது என்பதையும் அவர்கள் கடைசி அமர்வில்தான் சொன்னார்கள். இரு தரப்பும் கூட்டு மெமோவாகக் குடும்ப நல நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, அதன் அடிப்படையில் பழைய உத்தரவைத் திருத்தி வாங்கினால்தான், பின்னாளில் ஒருவர் மீறும்போது, உத்தரவை நிறைவேற்றித் தரக் கோரும் நிறைவேற்று மனு போட முடியும். தாக்கல் செய்யும் வேலையை இந்த அலுவலகம் எடுத்துக்கொள்வதில்லை. எனவே வக்கீல் கட்டணம் என்று இன்னொரு செலவு வந்தது. தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் மொத்தச் செலவையும் கணக்கிட்டுத் தயாராகியிருப்போம்.

குடும்ப வன்முறைப் புகார் இருக்கும் தம்பதிகளை இவர்கள் ஏற்பதில்லை. அவர்களை நீதிமன்றத்துக்கே அனுப்பிவிடுகிறார்கள். அது சரியான முடிவு. பயந்த ஒருவரையும் பயமுறுத்தியவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து எழுதும் சம்மதம் சம்மதம் ஆகாது. பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் வழக்குகளுக்கும் இந்த இடம் போதாது. குழந்தைகளை எல்லை கடந்து கொண்டுசெல்வது தொடர்பான 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை; குழந்தையை அங்கே அனுப்பித் திரும்ப வரவழைப்பதில் அந்த நாட்டு நீதிமன்றத்தின் உத்தரவும் தேவைப்படலாம். அந்த அனுபவம் உள்ள சென்னை வழக்கறிஞர்களைப் பார்ப்பதே நல்லது. மாநிலத்துக்குள்ளோ, வேறு மாநிலங்களுக்கோ சென்றவர்கள், அடிப்படையில் ஒத்துப்போகிறவர்கள், ஆனால் எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் தாராளமாகப் போகலாம்.

மதிப்பெண் கொடுக்கச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை தருவேன். நாட்காட்டிக்கும் தவறிய சந்திப்புப் பகுதிக்கும் முழு மதிப்பெண். குழந்தையிடம் பேசிய விதத்துக்கு ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு மகள் ஆறாம் வகுப்புக்குப் போகும்போது பள்ளியும் நேரமும் மாறும். மறு ஆய்வு அமர்வுக்கு அதே அலுவலகத்திடம்தான் நேரம் கேட்டிருக்கிறோம், இம்முறை மகளின் அமர்வைத் தனி நாளில் வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

போகிறவர்கள் பழைய தீர்ப்பின் சான்றிட்ட நகல், பள்ளி நாட்காட்டி, புதிய வேலையின் விடுமுறைப் பட்டியல் ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். இவை இல்லாவிட்டால் ஓர் அமர்வு வீணாகும். முன்பதிவு தொலைபேசியில் மட்டுமே. அலுவலகம் இரண்டாம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. பெரியவர்களையும் அமர்வுக்கு அழைத்துப் போவதாக இருந்தால், கீழ்த்தளத்தில் உள்ள அறையை ஒதுக்கித் தரச் சொல்லி முன்பதிவின்போதே கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள்.